ஒரு நகரின் பிரதானத் தெரு நடக்க உகந்ததா என்று எப்படி அளப்பது? ஆப் தரும் மதிப்பெண்ணை நம்பலாமா?

ஓர் இடம் நடக்க எவ்வளவு வசதி என்று மதிப்பெண் தரும் ஆப்பில், உங்கள் நகரின் பிரதானத் தெருவுக்கு நூற்றுக்கு 90க்கு மேல் வந்திருக்கிறது, நேரில் நடந்தால் அப்படித் தெரியவில்லை, வேறு எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் வீட்டில் மெதுவாக நடக்கும் ஒருவர் இருப்பார் என்று நினைக்கிறேன். அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு இந்தச் சந்தேகம் பெரும்பாலும் வருவதில்லை. எனக்கும் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடக்கும்வரை வந்ததில்லை.

முதலில் ஆப் விஷயம். 2007இல் அமெரிக்காவில் வந்த வாக் ஸ்கோர்தான் இந்த மதிப்பெண் முறையைப் பரவலாக்கியது. ஓர் இடத்திலிருந்து கடை, பள்ளி, பூங்கா போன்றவை எவ்வளவு தூரம் என்று அது பார்க்கும். ஐந்து நிமிட நடைக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள், இருந்தால் முழு மதிப்பெண். 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் ஒன்றும் கிடையாது. குறுக்குத் தெருக்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதும் கணக்கில் சேரும். நடைபாதை உடைந்திருக்கிறதா, நடுவில் கம்பம் நிற்கிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. பிரதானத் தெருவில் கடைகள் நெருக்கமாகத்தானே இருக்கும்? எனவே மதிப்பெண் எப்போதும் உயரத்தில்தான் நிற்கும். ஆப்பைக் குறை சொல்ல வந்துவிட்டேன் என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். வாடகைக்கு வீடு தேடும்போது நானே அதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது சரியாகச் சொல்லும். அங்கே நடந்து போய்ச் சேர முடியுமா என்பது வேறு கேள்வி.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் பிரதானத் தெருவைப் புதுப்பிக்கும் திட்டத்துக்காக ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. அதில் காட்டிய படத்தில், நடைபாதையின் சராசரி அகலம் 2.3 மீட்டர், நிலை நன்று என்று இருந்தது. அம்மா அந்தத் தெருவில் நடக்கவே பயப்படுகிறார் என்று எழுந்து சொன்னேன். "அது உங்கள் தனிப்பட்ட அனுபவம், எங்களுக்குத் தரவு வேண்டும்" என்றார் மேடையில் இருந்தவர். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி, தரவுதானே வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு அக்காவுடன் கிளம்பினேன்.

தெரு 900 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு இடம் என்று இரண்டு பக்கமும் அளந்தோம். நடைபாதையின் முழு அகலத்தை ஒரு பத்தியிலும், உண்மையில் கால் வைக்க இடைஞ்சலில்லாமல் கிடைக்கும் அகலத்தை இன்னொரு பத்தியிலும் எழுதினோம். இதுதான் முக்கியம். முழு அகலத்தின் சராசரி எங்களுக்கும் 2.3 மீட்டருக்குப் பக்கத்தில்தான் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் டிரான்ஸ்பார்மர் வேலிக்கும் ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்கும் நடுவில் கிடைத்தது 58 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி போகக் குறைந்தது 90 சென்டிமீட்டராவது வேண்டும், இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்ட 1.8 மீட்டர் வேண்டும். மற்ற 899 மீட்டரும் அகலமாக இருந்து என்ன பயன்? அந்த ஓர் இடத்தில் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும், இறங்கினால் பஸ்ஸுக்கு எதிரே. அதனால்தான் சொல்கிறேன், சராசரி எடுக்காதீர்கள். மிகக் குறுகிய இடம் எது, தொடர்ச்சி எத்தனை இடத்தில் அறுகிறது என்று எழுதுங்கள். எங்கள் தெருவில் ஏழு இடத்தில் அறுந்தது.

இரண்டாவது ஞாயிறு அம்மாவையே கூட்டிக்கொண்டு போனோம். வற்புறுத்தி இழுத்துப் போனதாக நினைக்காதீர்கள், "நானும் வரேன், என் காலையும் அளந்துக்கோங்க" என்று அவரேதான் கிளம்பினார். சாதாரணமாக ஒருவர் 12, 13 நிமிடத்தில் நடக்கும் அந்தத் தூரத்துக்கு அம்மாவுக்கு 31 நிமிடம் ஆனது. பதினொரு முறை நடைபாதையிலிருந்து இறங்கி ஏறினார். ஒவ்வொரு இறக்கத்திலும் தடியை முதலில் வைத்து, என் தோளைப் பிடித்து, நல்ல காலை அப்புறம் வைத்து. விளிம்பு 15 சென்டிமீட்டர் இருந்தால் சமாளித்தார். ஓர் இடத்தில் 26 இருந்தது. அங்கே அவர் நின்றுவிட்டார், சுற்றி வேறு வழியாகப் போனோம்.

சிக்னல்தான் என்னை உலுக்கியது. சாலை 18 மீட்டர் அகலம், நடுவில் நிற்க ஒரு திட்டு கூட இல்லை. நடப்பவர்களுக்குப் பச்சை 15 விநாடி. 18ஐ 15ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.2 மீட்டர். சிக்னல் அமைப்பவர்கள் பல நாடுகளில் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு வேகம் அதுதான். அம்மாவின் நடையை வீட்டு வராந்தாவில் ஏற்கெனவே ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்திருந்தேன்: பத்து மீட்டருக்கு 13 விநாடி. அப்படியானால் அந்தச் சாலையைக் கடக்க அவருக்கு 23 விநாடி வேண்டும். கணக்கு எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் பச்சை அணைந்தபோது இன்னும் ஆறு மீட்டர் பாக்கி இருக்க, வண்டிகள் உறுமத் தொடங்கியதும் அம்மா என் கையை விட்டுவிட்டு "நீ முன்னால ஓடு, நான் வந்துடுறேன்" என்று சொன்னதை எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கைத்தடியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அது தேய்ந்தால் பளபளப்பான டைல்ஸ் தரையில் தடி வழுக்கும். அந்த ரப்பரை மட்டும் தனியாகக் கேட்டு நான் எத்தனை மருந்துக்கடை ஏறி இறங்கியிருப்பேன்! எல்லா இடத்திலும் ஒரே பதில், புதுத் தடியே வாங்கிக்கொள்ளுங்கள் என்று. தடியின் உயரமும் கைப்பிடியும் பழகிப்போன ஒருவருக்குப் புதுத் தடி என்பது திரும்ப நடக்கப் பழகுவது மாதிரி. விரலளவு ரப்பர்தான், அதை வாங்கி வைத்தால் என்ன? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அகலமும் சிக்னலும் போதுமா என்றால் போதாது. ஒரு வேலைநாள் மாலை, கூட்டமான நேரத்தில், நடைபாதைக்குக் குறுக்கே மனதில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டி எத்தனை பேர் போகிறார்கள் என்று பத்து நிமிடம் எண்ணுங்கள். டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல், கோபன்ஹேகன் தெருக்களில் பல வருடம் எண்ணிப் பார்த்தவர். ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 13 பேர் வரை போனால் வசதியாக நடக்கலாம் என்பது அவர் கணக்கு. அதைத் தாண்டினால் அவரவர் போக்கில் நடக்க முடியாமல் வரிசையாகப் போக வேண்டியதாகிவிடும். கதவுகளையும் எண்ணச் சொல்வார். நூறு மீட்டருக்கு 15, 20 கதவு இருந்தால் நடப்பவருக்கு அலுக்காது, நீளச் சுவராக இருந்தால் அதே தூரம் இன்னும் நீளமாகத் தெரியும். இது சரிதான் என்று அம்மாவுடன் நடந்தபோது புரிந்தது. கடைகள் இருந்த பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார், மதில் சுவர் தொடங்கியதும் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்க ஆரம்பித்தார்.

உட்கார இடம், நிழல், இரவில் வெளிச்சம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

நான் பொறியாளர் இல்லை, ஒரு தெருவை ஒரு அம்மாவை வைத்து அளந்தது ஆராய்ச்சி ஆகாது என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நோட்டின் நகலை அடுத்த கூட்டத்தில் கொடுத்தபோது, தனிப்பட்ட அனுபவம் என்று யாரும் சொல்லவில்லை. சில மாதம் கழித்து சிக்னலில் பச்சை 25 விநாடி ஆனது. எங்கள் நோட்டால்தானா என்று எனக்குச் சொன்னவர் யாரும் இல்லை. அம்மா இப்போது தனியாகவே கடக்கிறார். டிரான்ஸ்பார்மர் வேலி மட்டும் அப்படியே இருக்கிறது, அந்த 58 சென்டிமீட்டரும்தான். அதற்குத் தனியாக மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது.

நீங்கள் அளந்தால் எண்களைக் கமெண்டில் போடுங்கள். வேறு எதை விட்டாலும் மிகக் குறுகிய இடத்தின் அளவையும் பச்சை எரியும் விநாடியையும் விடாதீர்கள்.