வாசகர் கேள்வி: 'பிளடி' திட்டா, பாராட்டா?

கேள்வி: நான் படிச்சப்போ ஹெட்மாஸ்டர் கோவம் தலைக்கேறினாத்தான் 'பிளடி ஃபூல்'னு சொல்லுவார், கேட்டாலே கால் நடுங்கும். இப்ப லண்டன்ல படிக்கிற என் பொண்ணு, அனுப்பி வச்ச முறுக்கைத் தின்னுட்டு 'பிளடி குட்பா'ங்கறா. எதை சார் நம்பறது?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ரெண்டையும் நம்புங்க. முறுக்குக்குக் கிடைச்சது அசல் பாராட்டுதான். நாம 'பயங்கர டேஸ்ட்'னு சொல்றோமே, அதுல பயம் எங்க இருக்கு? அதே மாதிரிதான் இதுலயும் 'பிளட்'ங்கற ரத்தம் பேருக்குத்தான், பின்னாடி வர்ற வார்த்தைக்கு ஒரு தள்ளு கொடுக்கறதுதான் அதோட வேலை, ஃபூல் வந்தா திட்டு, குட் வந்தா பாராட்டு, ஹெல் வந்தா சலிப்பு. 17ஆம் நூற்றாண்டுலயே மூக்குமுட்டக் குடிச்சவனை 'பிளடி ட்ரங்க்'னு சொல்லியிருக்காங்க. 'பை அவர் லேடி'ன்னு மாதா மேல பண்ற சத்தியம் தேஞ்சுதான் பிளடி ஆச்சுன்னு ஒரு கதை சுத்துது, கேக்க நல்லாருக்கு, மொழி ஆராய்ச்சிக்காரங்க ஒத்துக்கறதில்ல.

அப்புறம்தான் பெரிய மனுஷங்க இதைக் கெட்ட வார்த்தை ஆக்கினாங்க, பேப்பர்ல முழுசா அச்சடிக்கக்கூட கூசி நடுவுல கோடு போடுவாங்க. 1914ல லண்டன்ல பெர்னார்ட் ஷாவோட 'பிக்மேலியன்' நாடகம். பூ விக்கிற எலைசாவுக்கு மேட்டுக்குடி உச்சரிப்பெல்லாம் சொல்லிக்கொடுத்து ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அங்க அவ அதே நாசூக்கான குரல்ல 'நாட் பிளடி லைக்லி'ன்னு, அதாவது 'சான்ஸே இல்ல'ங்கறதைக் கொச்சையா, போட்டா பாருங்க, தியேட்டரே சிரிச்சு ஓஞ்சுது. அதுக்கப்புறம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டவங்க 'நாட் பிக்மேலியன் லைக்லி'ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க!

ஆஸ்திரேலியாக்காரங்க இன்னும் ஒரு படி மேல. 2006ல டூரிஸ்ட்டுகளைக் கூப்பிடற அரசாங்க விளம்பரத்துலயே 'வேர் த பிளடி ஹெல் ஆர் யூ', அதாவது 'எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க'ன்னு கேட்டாங்க, பிரிட்டிஷ் டிவியில முதல்ல விடமாட்டோம்னு அடம்பிடிச்சு அப்புறம் விட்டாங்க. வார்த்தையை ஏற்றுமதி பண்ணினவங்களுக்கே வந்த ரோஷம்.

எனக்குப் பிடிச்சது 'அப்சொ-பிளடி-லூட்லி'. 'நிச்சயமா'ங்கற அர்த்தத்துல வர்ற அப்சொலூட்லியைப் பொளந்து நடுவுல பிளடியைச் சொருகறாங்க, அதுவும் அழுத்தி உச்சரிக்கிற 'லூ'வுக்கு முன்னாடி கரெக்டா, இடம் மாத்திப் போட்டா காதுக்கே ஒட்டாது.

ஆனா 'பிளடி சண்டே'ன்னா அதுல நிஜ ரத்தம். 1972 ஜனவரி 30, வட அயர்லாந்தோட டெரி ஊர்ல ஊர்வலம் போனவங்க மேல பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு அன்னிக்கே 13 பேர் செத்தாங்க.

பொண்ணு உங்ககிட்ட சொல்லலாம் சார், காலேஜ் புரொபசர்கிட்ட சொல்லமாட்டா. சின்னப் பசங்க சொன்னா அங்கயும் அம்மாக்கள் கண்ணை உருட்டத்தான் செய்வாங்க.