இலவசத் தளம் தேடலில் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பகுதி விவசாயிகளிடம் கேட்டுத் தொகுத்த பாரம்பரிய நெல் வகைகள் பற்றிய குறிப்புகளை, கிட்ஹப் பேஜஸ் என்ற இணையதளச் சேவையில் கட்டணமின்றி ஒரு சிறு தளமாக வைத்து 4 மாதங்கள் ஆகின்றன. 30 பக்கங்களில் முகப்புப் பக்கம் மட்டுமே கூகுளில் கிடைக்கிறது. இலவச இடம் என்பதால் ஒதுக்கிவிட்டார்களா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இலவச இடம் என்ற ஒரே காரணத்துக்காகக் கூகுள் எந்தப் பக்கத்தையும் விலக்குவதில்லை. ஆனால் இலவசத் துணைமுகவரிகளைக் குப்பைத் தளங்களும் தேடி வருவதால், அங்கே இருக்கும் நல்ல தளம் தன்னை நிலைநாட்டிக்கொள்வது கடினமாகிறது என்று கூகுளின் தேடல் பிரிவைச் சேர்ந்த ஜான் முல்லர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

முதலில், தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள். கிட்ஹப் முகவரியின் டிஎன்எஸ் பதிவுகள் (முகவரி எந்தச் சேவையகத்துக்குப் போகிறது என்று சொல்பவை) உங்கள் கையில் இல்லை என்பதால், முகவரி முன்னொட்டு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தரும் சிறு கோப்பைத் தளத்தில் வைத்து உரிமையை உறுதிசெய்யலாம். பிறகு, விடுபட்ட பக்கங்களுக்கு அங்கே சொல்லப்படும் காரணத்தைக் கவனமாகப் படியுங்கள். அட்டவணை என்பது தேடலில் காட்டுவதற்காகக் கூகுள் வைத்திருக்கும் பக்கங்களின் தொகுப்பு. ‘கண்டறியப்பட்டது, அட்டவணையில் இல்லை’ என்றால் கூகுளுக்கு முகவரி தெரியும், பக்கத்தை இன்னும் வந்து படிக்கவில்லை என்று பொருள். ‘படிக்கப்பட்டது, அட்டவணையில் இல்லை’ என்றால் வந்து படித்த பிறகும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் நிலையில் பெரும்பாலும் இணைப்புகளில்தான் குறை இருக்கும். பொத்தானை அழுத்தினால்தான் நெல் வகைகளின் பட்டியல் பக்கத்தில் ஏற்றப்படும் என்று அமைத்திருந்தால், கூகுளின் நிரல் பொத்தானை அழுத்தாது என்பதால் அந்தப் பக்கங்கள் அதற்கு எட்டுவதில்லை. முகப்பிலிருந்து 30 பக்கங்களுக்கும் சாதாரண இணைப்புகள் இருக்கட்டும். தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பு ஒன்றில் 50,000 முகவரிகள் வரை தரலாம் என்பதால் உங்களுக்கு ஒன்றே போதும். பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: உங்கள் தளம் பயனர் முகவரிக்குக் கீழே ஒரு துணைக்கோப்புறையாக இருக்குமானால், எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை அதற்குள் வைத்தால் தேடுபொறிகள் பார்ப்பதே இல்லை, முகவரியின் வேரில், அதாவது தளப் பெயருக்கு அடுத்தே, இருப்பதை மட்டுமே பார்க்கும். ஆகவே அந்தக் கோப்பில் சைட்மேப்பைக் குறிப்பிட்டுவிட்டுக் காத்திருக்காமல், சர்ச் கன்சோலில் நேரடியாகச் சமர்ப்பியுங்கள்.

இரண்டாவது நிலை என்றால் பக்கத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கங்களிலும் ஒரே முன்னுரையும் கீழே மூன்று வரிகளும் மட்டுமே இருந்தால், தனித்தனியாக வைத்துக்கொள்ளக் கூகுளுக்குக் காரணம் இல்லை. ஒத்த வகைகளை ஒரே பக்கத்தில் சேர்த்து, வயது, ஏற்ற மண், விதைப்புப் பருவம், அந்த விவசாயி சொன்ன அனுபவம் ஆகியவற்றை விரிவாக எழுதுங்கள். உங்களிடம் மட்டுமே இருக்கும் செல்வம் அந்த அனுபவம்தான். கையெழுத்துக் குறிப்புகளைப் படமாக மட்டும் போட்டிருந்தால் தட்டச்சு செய்து சேர்த்துவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பகுதி இருந்தால், நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே போய்ச் சேரும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு அவசியம் மாற்றுங்கள்.

அட்டவணையில் சேர்க்கும்படி ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பிப்பதால் வேகம் கூடாது. பிங் தேடுபொறியின் இதே போன்ற கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸையும் மறக்க வேண்டாம். சர்ச் கன்சோலில் உள்ள தளத்தை அங்கே அப்படியே இறக்கிக்கொள்ளலாம். 2021இல் பிங்கும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் தொடங்கிய இண்டெக்ஸ்நவ் என்ற முறை வழியாகப் புதிய பக்கங்களை உடனே அறிவிக்கவும் முடியும், ஆனால் கூகுள் அதில் சேரவில்லை.

கேள்வி: பணம் கட்டினால் ஆயிரம் தேடுபொறிகளில் பதிவுசெய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். பக்கங்களை வந்து படிக்கவோ தேடலில் மேலே காட்டவோ கூகுள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை. செலவு செய்ய மனம் இருந்தால் சொந்தமாக ஒரு டொமைன் பெயர் வாங்குங்கள். கிட்ஹப் பேஜஸ் அதைக் கூடுதல் கட்டணமின்றி ஏற்றுக்கொள்கிறது, பழைய முகவரிக்கு வருபவர்களையும் புதிய முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. தளம் முகவரியின் வேருக்கே வந்துவிடுவதால் மேலே சொன்ன ரோபோட்ஸ் கோப்பும் செல்லுபடியாகும்.