டெக்சஸ் நகர நீதிமன்றச் சம்மன்: அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

முடியாது, இப்போதைக்கு ஆன்லைனில் பணம் கட்டாதீர்கள். கடையில் செல்ஃப் செக்அவுட்டில் 40 டாலர் பொருள் ஸ்கேன் ஆகாததற்குத் திருட்டுக் குற்றம் சாட்டி டிக்கெட் (சம்மன்) கொடுத்துவிட்டார்கள், அபராதத்தைக் கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள். டெக்சஸில் அந்த அபராதத்தைக் கட்டுவதே 'நோ கான்டெஸ்ட்' (குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை) என்று சொன்ன மாதிரிதான், குற்றத்தீர்ப்பாகப் பதிவாகிவிடும்.

கவுண்டி (மாவட்ட) நீதிமன்றம் போகாமல் நகர நீதிமன்றத்துக்கு ஏன் வந்தது என்றால், 100 டாலருக்குக் குறைந்த திருட்டு டெக்சஸில் 'கிளாஸ் சி' என்ற சிறு குற்ற வகை: சிறை இல்லை, அதிகபட்சம் 500 டாலர் அபராதம். வழக்கை நடத்துவது கடை அல்ல, நகர வழக்கறிஞர். அதனால் கடைக்காரரிடம் கெஞ்சிப் பயனில்லை.

டிக்கெட்டை எடுத்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட இடத்தைப் பாருங்கள். அந்தக் கையெழுத்து ஒப்புதல் வாக்குமூலம் அல்ல, குறித்த தேதிக்குள் ஆஜராவேன் என்ற உறுதிதான். அந்தத் தேதிக்கு முன் 'நாட் கில்ட்டி' என்று எழுதிக் கொடுத்து, அந்த நகர வழக்கறிஞரைச் சந்திக்கத் தேதி கேளுங்கள். மற்ற பொருட்களுக்குப் பணம் கட்டியதைக் காட்டும் ரசீது, கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் கையோடு இருக்கட்டும், ஏனென்றால் வேண்டுமென்றே எடுத்தீர்கள் என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. பேச்சு சரிவரவில்லை என்றால் ஆறு பேர் ஜூரி விசாரணை கேட்கவும் உரிமை உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 'டிஃபர்டு' (தீர்ப்பைத் தள்ளிவைப்பது) தருகிறோம், 180 நாளுக்குள் தள்ளுபடி ஆகிவிடும் என்பார்கள். நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடியேற்றச் சட்டத்தில் அந்த டிஃபர்டும் குற்றத்தீர்ப்பாகக் கணக்காகலாம். சம்மதிப்பதற்கு முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள்.