பிபி நார்மலாக இருந்தும் நோயாளி ஏன் மோசமானார்?

வணக்கம் சிஸ்டர். வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்கு மூன்று மணி நேரத்தில் நாடி 84, 98, 116 என்று ஏறியும், "பிபி நார்மல்தானே" என்று டியூட்டி டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலையில் உள் ரத்தக்கசிவு என்று மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். எதைத் தவறவிட்டேன் என்று கேட்கிறீர்கள்.

உங்கள் சந்தேகம் சரியானதுதான். ரத்தம் குறையும்போது உடல் இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பிபியைத் தாங்கிப் பிடிக்கும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 30 சதவீத ரத்தம் போகும்வரைகூட மேல் பிபி இறங்காமல் இருக்கலாம். (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடியும் ஏறாமல் போகலாம், கேஸ் ஷீட்டைப் பாருங்கள்.)

அதனால் நாடி ஏறினால் அடுத்த தடயத்தைத் தேடுங்கள்: கை கால் சில்லென்று இருக்கிறதா, மூச்சு வேகம் கூடுகிறதா, சிறுநீர் எவ்வளவு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். வயிற்றில் கசிவை வெளியேற்ற வைத்த டிரெயின் குழாயில் ரத்தம் வரவில்லை என்று நிம்மதி வேண்டாம். அது அடைத்தும் இருக்கலாம். வலியும் நாடியை ஏற்றும், ஆனால் வலி மருந்துக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால்?

அப்புறம், போனில் "நாடி ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "84 இருந்தது 116 ஆகிவிட்டது, உள்ளே கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது, நேரில் வந்து பாருங்கள்" என்று சொல்லுங்கள். வராவிட்டால் சர்ஜனையே கூப்பிடுங்கள், நேரத்தோடு எழுதியும் வையுங்கள்.