வாசகர் கேள்வி – பதில்: மின்னூலின் விலை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

கேள்வி: ஒரே மின்னூலை, வேறொரு நாட்டில் வசிக்கும் என் தங்கை என்னைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறாள். காகிதச் செலவும் இல்லை, கப்பல் கூலியும் இல்லை. பிறகு எதற்காக இந்த வித்தியாசம்?

பதில்: அந்தச் செலவுகள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விலையில் பெரிய பங்கு வகிப்பது, அந்த நூலை எந்தெந்த நாடுகளில் விற்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே. ஆங்கில நூல்களின் உரிமையை வட அமெரிக்காவுக்கு ஒரு பதிப்பகத்திடமும், பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் இன்னொரு பதிப்பகத்திடமும் பிரித்துக் கொடுப்பது அச்சு நூல் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். மின்னூலும் அதே எல்லைக்கோடுகளுக்குள்தான் விற்கப்படுகிறது. தங்கை வாங்கியதும் நீங்கள் வாங்கியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தாலும், வணிகக் கணக்கில் அவை இரு வேறு பதிப்பகங்களின் சரக்குகளாக இருக்கக்கூடும். தவிரவும், பெரிய பதிப்பகங்களின் மின்னூல்களுக்குப் பெரும்பாலும் விலை வைப்பது கடை அன்று, பதிப்பகமே. ஆகவே கடையிடம் முறையிட்டுப் பயன் இருப்பதில்லை.

அடுத்தது வரி. பிரிட்டனில் அச்சு நூலுக்கு மதிப்புக் கூட்டு வரி கிடையாது. ஆனால் மின்னூலுக்கு 2020 மே 1 வரை 20 சதவீதம் வசூலிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல், விற்பவரின் நாட்டு வரி அல்லாமல் வாங்குபவரின் நாட்டு வரியே மின்னூலுக்குப் பொருந்துகிறது. மின்னூலுக்கு வரியைக் குறைத்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு அனுமதி கிடைத்ததோ 2018இன் பிற்பகுதியில்தான். காட்டும் முறையும் ஒன்றாக இல்லை: ஐரோப்பாவில் திரையில் தெரியும் விலைக்குள் வரி அடங்கியிருக்கும், அமெரிக்காவிலோ, மின்னூலுக்கு வரி விதிக்கும் மாநிலங்களில், பணம் செலுத்தும் பக்கத்தில்தான் அது சேரும். ஆகவே தங்கையின் விலையோடு ஒப்பிடும்போது இருவரும் கடைசியில் செலுத்திய தொகையை ஒப்பிடுங்கள்.

குறைந்த விலையுள்ள நாட்டின் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் கடைகள் முகவரியையும் வங்கி அட்டை வழங்கப்பட்ட நாட்டையும் சரிபார்க்கின்றன. வாங்குபவரின் நாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018 டிசம்பரில் நடைமுறைப்படுத்திய விதிகூட, அதன் முக்கியப் பிரிவிலிருந்து மின்னூல்களை விலக்கியே வைத்தது. வாசகருக்கு இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். அதற்காகப் பொய் முகவரி கொடுக்க வேண்டாம். கணக்கு முடக்கப்பட்டால் முன்பு முறையாக வாங்கிய நூல்களும் சேர்ந்தே கைவிட்டுப் போகக்கூடும்.

கேள்வி: திரையில் காட்டிய விலையைவிட என் கணக்கில் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். கடை ஏமாற்றுகிறதா?

பதில்: பெரும்பாலும் அந்தக் கூடுதல் தொகை வங்கிக்குப் போயிருக்கும். வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தினால் பல வங்கிகள் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் வரை தனிக் கட்டணம் எடுக்கின்றன. விலை உங்கள் நாணயத்திலேயே இருந்தாலும், விற்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானது என்றால் சில வங்கிகள் அதற்கும் கட்டணம் விதிக்கின்றன. பணம் செலுத்தும் பக்கத்தில் ‘உங்கள் நாணயத்தில் செலுத்தவும்’ என்று ஒரு வசதி தென்பட்டால் நிதானியுங்கள்: அந்த மாற்று விகிதத்திலேயே நாணயத்தை மாற்றித் தரும் இடைநிலை நிறுவனத்தின் லாபம் சேர்க்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் வங்கியின் விகிதமே மலிவாக இருக்கும். உரிமையாலும் வரியாலும் வரும் வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தும் முன் கண்ணில் காட்டாத கட்டணத்தை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. வங்கியின் மாத அறிக்கையில் அந்தக் கட்டணம் தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வங்கியிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேளுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்கான படநூல்கள் மட்டும், பக்கம் குறைவாக இருந்தும், மின்வடிவில் ஏன் விலை அதிகம்?

பதில்: வாசகர் கண்ணில் படாத ஒரு கழிவு இதற்கு ஒரு காரணம். எழுத்தாளர்கள் நேரடியாக வெளியிடும் அமேசானின் கிண்டில் திட்டத்தில், 70 சதவீத உரிமைத்தொகையை (விற்பனையில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கை) தேர்ந்தெடுத்தால், அமெரிக்கக் கடையில் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 15 சென்ட் ‘விநியோகச் செலவு’ கழிக்கப்படுகிறது. 4.99 டாலர் விலையுள்ள படநூலின் கோப்பு 20 மெகாபைட் என்றால், 3 டாலர் முதலிலேயே போய்விடும், மீதமுள்ள 1.99 டாலரில் 70 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1.39 டாலரே எழுத்தாளருக்கு. விநியோகச் செலவு இல்லாத 35 சதவீதத் திட்டத்தில் அதே நூலுக்கு 1.75 டாலர் அளவுக்குக் கிடைக்கும். உரைநடை நாவல் எழுதியவருக்கு இந்தக் கழிவு சில சென்ட்களோடு முடிந்துவிடும். ஓவியங்களைச் சேர்த்தவருக்கோ விலையை உயர்த்துவது, படங்களின் தரத்தைக் குறைப்பது, பாதி உரிமைத்தொகைக்கு உடன்படுவது ஆகியவற்றைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

கேள்வி: கைபேசிச் செயலியில் வாங்குவதும் இணையதளத்தில் வாங்குவதும் ஒன்றுதானா?

பதில்: எப்போதும் அல்ல. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் 30 சதவீதம் வரை செயலிக் கடைகள் கழிவு கேட்பதால், சில விற்பனையாளர்கள் அங்கே விலையை உயர்த்துகிறார்கள், சிலர் வாங்கும் பொத்தானையே எடுத்துவிடுகிறார்கள். வாங்கும் முன் இணையதள விலையையும் ஒரு முறை பாருங்கள்.