அவிலா தெரேசா ஓடி ஒளிந்தவரா?

கேள்வி: உலகப் பொறுப்புகளுக்கு அஞ்சி மடத்தில் ஒளிந்துகொண்டு, கண்ணை மூடிக் காட்சி கண்டவர் அவிலா தெரேசா. அவரால் யாருக்கு என்ன பயன்?

பதில்: பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கார்மேல் சபைக் கன்னியர் தெரேசா. அவரை அவர் காலத்தில் சாடியவர்கள் இதற்கு நேரெதிராகச் சாடினார்கள். ஸ்பெயினில் இருந்த திருத்தந்தையின் தூதர் பிலிப்போ சேகா, அவர் மடத்துக்குள் அடங்காமல் ஊர் சுற்றுகிறார் என்று சீறினார். ஊர் சுற்றியது உண்மைதான். 1562-இல் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கியபோது, நிரந்தர வருமானமில்லாத மடம் நகருக்குச் சுமை என்று நகர மன்றமே வழக்குக்குப் போனது. அவர் பின்வாங்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின், நோயுற்ற உடம்போடு கோவேறு கழுதை வண்டியில் பயணம் செய்து, 1582-இல் இறப்பதற்குள் மொத்தம் 17 மடங்களை நிறுவினார். வீடு பார்ப்பது, கடன் வாங்குவது, வழக்காடுவது எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தன. கார்மேல் சபையைப் பழைய கடுமையான ஒழுங்குக்குத் திருப்புவதே அவர் செய்த சீர்திருத்தம். அதில் அவருக்குத் துணை நின்ற துறவி சிலுவை யோவானைச் சொந்தச் சபையினரே தொலேதோவில் சிறைவைத்தார்கள். பொறுப்புக்கு அஞ்சியவர் தேடிப் போகிற வாழ்க்கையா இது?

இனி, காட்சிகள். அவற்றை அவர் பெருமையாகக் கடைவிரிக்கவில்லை. இவை தீய ஆவியின் ஏமாற்றாக இருக்குமோ என்று அஞ்சி, கற்றறிந்த குருக்களிடம் ஆய்வுக்கு வைத்தார். தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் அவர்கள் கட்டளையால்தான். அந்தக் கையெழுத்துப் படியை, திருச்சபைப் போதனைக்கு மாறானவற்றைத் தேடி விசாரித்த விசாரணை மன்றம் வாங்கி வைத்துக்கொண்டது. அதன் பிறகும் 1577-இல், ஆன்மாவை ஏழு உறைவிடங்கள் கொண்ட கோட்டையாக வருணித்து இன்னொரு நூல் எழுதினார். எனக்கு அவர்மேல் தீராத மதிப்பு வரக் காரணம் அதன் ஐந்தாம் உறைவிடப் பகுதி. செபத்தின் இன்பம் கலைந்துவிடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளை அங்கே அவர் கண்டிக்கிறார். ஆண்டவர் கேட்பது செயலை. நோயுற்ற ஒருத்திக்கு உன்னால் ஆறுதல் தர முடியுமானால், பக்தி போய்விடுமே என்று கவலைப்படாமல் எழுந்து போ, அவள் வலியை உன் வலியாக நினை, தேவையானால் அவள் உண்பதற்காக நீ பட்டினி கிட என்கிறார். பரவச அனுபவத்தின் உச்சிகளை அறிந்த ஒருவர் இதை எழுதினார் என்பதைக் கவனியுங்கள்.

1622-இல் புனிதர் பட்டம். திருச்சபை முழுவதற்கும் போதிக்கத் தக்க ஆசான் என்று பொருள்படும் மறைவல்லுநர் என்ற தகுதி ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1970-இல், திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில். அந்தப் பெண் தெரேசா. இத்தனை தாமதமானதுதான் எனக்கு வருத்தம். நீங்கள் அந்த ஐந்தாம் உறைவிடத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் இதே கேள்வி இருந்தால் தாராளமாக விவாதிப்போம்.