காபரே நடத்திய மாக்ஸ் ரெயின்ஹார்ட் பெரிய நாடக இயக்குநர் ஆனது எப்படி?

காபரே, அதாவது பாட்டும் நையாண்டியும் கலந்த சிறு மேடை நிகழ்ச்சிதான், அவருக்குப் பயிற்சிக்களம் என்பேன். பெர்லினின் டாய்ச்செஸ் தியேட்டரில் நடிகராக இருந்தபோது, இளவயதிலேயே தாடி ஒட்டிக்கொண்டு கிழவர் வேடங்களாகப் போட்டு வந்தார். அங்கே கோலோச்சிய யதார்த்த பாணி அவருக்குச் சலித்துப்போனது. 1901-இல் நண்பர்களோடு ‘ஷால் உண்ட் ரௌஹ்’ காபரேயைத் தொடங்கினார். ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் ஒரே நாடகத்தைப் பல பாணிகளில் நையாண்டி செய்தார்கள். கூட்டம் சிரித்துத் தீர்த்தது. ஒரு கதையை எத்தனை விதமாக மேடையேற்றலாம் என்பது கைவந்தது அங்கேதான்.

அப்புறம் 1905-இல் ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவுக்காகச் சுழல்மேடையில் ஒரு காட்டையே எழுப்பினார். மேடை சுழல, மரங்கள் பார்வையாளர் கண்ணெதிரே நகர்ந்தன. அதே ஆண்டு, முன்பு நடித்த அரங்குக்கே தலைவரானார். 1920-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கலைவிழாவைத் தொடங்கிவைத்ததும் அவர் இயக்கிய நாடகம்தான். யூதரான அவர் 1933-இல் நாஜிகளால் ஜெர்மனியை விட்டுப் போக நேர்ந்தது கொடுமை. 1943-இல் நியூயார்க்கில் இறந்தார்.